சபை வரலாறு எழுத உட்காரும் முன்: திருநெல்வேலிக் கிராமச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

நூற்றாண்டு விழாவோ நூற்றைம்பதாவது பிரதிஷ்டைப் பண்டிகையோ நெருங்கும்போதுதான் பல சபைகளுக்குத் தங்கள் வரலாறு ஞாபகத்துக்கு வரும். விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மலர்க்குழு கூடும். பழைய பொன்விழா மலரில் இருக்கும் நான்கு பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து, குருவானவர்களின் படங்களை வரிசையாகப் போட்டு, விளம்பரங்களோடு அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய மலரில் இருந்த பிழை இன்னும் ஐம்பது வருடத்துக்கு நிலைத்துவிடும். ஒழுங்காகச் செய்ய ஒரு வருடம் வேண்டும், ஆட்கள் நாலு பேர் போதும்: பழைய கையெழுத்தை வாசிப்பவர் ஒருவர், ஆங்கிலம் தடையின்றிப் படிப்பவர் ஒருவர், ஊரில் எல்லா வீட்டு அடுப்படி வரைக்கும் போய் உட்காரக்கூடியவர் ஒருவர், கணினி தெரிந்த பிள்ளை ஒருவர். இருபது பேர் கமிட்டி குரூப் போட்டோவுக்கு நல்லது.

கீழே உள்ளவை தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலச் (பிஷப்பின் ஆளுகைப் பகுதி) சபைகளை மனதில் வைத்து எழுதியவை. வேறு பகுதிச் சபைகளுக்கும் முறை இதுவே. ஆவணம் இருக்கும் இடம்தான் மாறும்.

பிறந்தநாள் எது

ஒரு சபைக்கு ஒரே ஒரு தொடக்க நாள் இருப்பதில்லை. பாளையங்கோட்டையைப் பாருங்கள். 1778-ல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அங்கே குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் 40 பேர் கொண்ட சபைப் பட்டியல் எழுதப்பட்டது. குளோரிந்தா கட்டிய, இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்லப்படும் ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையானது. ஊசிக்கோபுரம் என்று ஊரே சொல்லும் பெரிய ஆலயம் மிஷனெரி ரேனியஸ் காலத்தில், 1826-ல் வந்தது. எந்த ஆண்டைச் சொன்னாலும் தப்பில்லை, எதன் தொடக்கம் என்று சொல்லாவிட்டால்தான் தப்பு. 1880-ல் நூற்றாண்டு கொண்டாடியவர்கள் பெயர்ப் பட்டியல் எழுதிய 1780-ஐத் தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் ஆறு வரி போடுங்கள்: முதல் குடும்பம் வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வந்தது, முதல் ஞானஸ்நானம், ஓலைக்கூரை ஜெபவீடு, நிலம் கிடைத்தது, இப்போதைய ஆலயத்தின் அஸ்திபாரக்கல், பிரதிஷ்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, அதற்கு என்ன ஆதாரம். ஆதாரம் கிடைக்காத வரி வெறுமையாகவே இருக்கட்டும். கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இடையன்குடி ஆலயத்துக்கு 1847-ல் அஸ்திபாரம் போட்ட கால்டுவெல் ஐயர் அதைப் பிரதிஷ்டை செய்து பார்த்தது 1880-ல். நடுவே 33 வருடம். பணம் தீர்ந்து, பஞ்சம் வந்து, மறுபடி பணம் சேர்த்துக் கட்டிய கோயில்கள் நம் பக்கத்தில் நிறைய.

அடுத்தது ஆள். "இன்ன மிஷனெரியால் இன்ன ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தை எந்த மலரிலும் பார்க்கலாம். மிஷனெரி மாதக்கணக்கில் ஒரு தடவை வந்து போனவர். தினம் காலை ஜெபம் நடத்தியது, பள்ளிக்கூடம் வைத்தது, வழக்குத் தீர்த்தது எல்லாம் உபதேசியார், அதாவது ஊரிலேயே இருந்து ஊழியம் செய்தவர். முதலூரில் 1799-ல் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானபோது அங்கே நின்றவர் தாவீது சுந்தரானந்தம். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவர் பெயர் ஆலயக் கல்லில் இருக்காது. மிஷனெரியின் ஆண்டறிக்கையில், சம்பளப் பட்டியலில், கல்யாணப் பதிவேட்டின் சாட்சிக் கையெழுத்தில், ஞானப்பெற்றோர் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒரே பெயர் பத்து வருடம் சாட்சியாக வந்தால் அவர் பெரும்பாலும் உபதேசியார் அல்லது கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்).

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய காகிதங்களில் "ஐயர்" என்றால் குருவானவர். வெள்ளைக்காரராகவும் இருக்கலாம், நம்மவராகவும் இருக்கலாம். நம்மவரை "நாட்டையர்" என்றும் எழுதுவார்கள். இது தெரியாமல், பிராமணர் ஒருவர் வந்து ஊழியம் செய்தார் என்று எழுதிவிட வேண்டாம்.

எந்த மிஷன் என்று தெரியாமல் தேடாதீர்கள்

திருநெல்வேலியில் இங்கிலாந்துத் திருச்சபையின் இரண்டு மிஷன்கள் வேலை செய்தன: எஸ்.பி.ஜி. (சுவிசேஷப் பரப்புச் சங்கம்), சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சங்கம்). நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் வட்டாரம் எஸ்.பி.ஜி.; மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, சுவிசேஷபுரம், டோனாவூர், நல்லூர், சுரண்டை வட்டாரம் சி.எம்.எஸ். உங்கள் தாய்ச்சபை எதைச் சேர்ந்தது என்பதை வைத்தே காகிதம் எங்கே போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். குமரி மாவட்டச் சபை என்றால் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனெரி சங்கம்); காகிதம் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்லூரியில். மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷன், அது ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம். தரங்கம்படி வழி வந்த லுத்தரன் சபைகளுக்கு ஜெர்மனியின் ஹாலே. அதற்கெல்லாம் முன்னால் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தையும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்த்துவிடுங்கள். பஸ் டிக்கெட்டோடு முடிகிற வேலை.

வெளிநாட்டுக் காப்பகத்துக்கு எழுதும்போது "எங்கள் சபை பற்றி எல்லாம் அனுப்புங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. மிஷன் பெயர், தலைமை நிலையம், மிஷனெரி பெயர், ஐந்து வருடத்துக்கு மேற்படாத கால எல்லை, ஊர்ப்பெயரின் மூன்று நான்கு ஆங்கில எழுத்துக்கோவை என்று குறித்துக் கேளுங்கள். பாளையங்கோட்டையே "பாலம்கோட்டா" ஆனபோது உங்கள் விளையும் குளமும் எப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ழ" எல்லாம் "எல்" அல்லது "இசட்" எழுத்தாகியிருக்கும். பெயரால் பிடிபடாத ஊரைத் தூரத்தால் பிடிக்கலாம்: நிலையத்திலிருந்து இத்தனை மைல், இன்ன திசை என்று அறிக்கைகளில் எழுதியிருப்பார்கள்.

அறிக்கை அட்டவணைகளில் எண்ணிக்கை எடுக்கும்போது கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆயத்தக்காரர்கள் (ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள்), நற்கருணை பெறுவோர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். மாதிரிக்கு, பெற்றவர் 84, ஆயத்தக்காரர் 131 என்று இருந்தால் ஒருவர் சபை 84 என்பார், இன்னொருவர் 215 என்பார், இரண்டு மலரும் சண்டை போடும். ஆயத்தக்காரர் எண்ணிக்கை திடீரென்று ஏறும் வருடங்களில் பஞ்சத்தையும் காலராவையும் தேடுங்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும், அதாவது 1876-78-ல், ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பிறகு சிலர் போகவும் செய்தார்கள். போனதையும் எழுதுவதுதான் வரலாறு.

1835-க்கு அருகே உங்கள் சபையின் பதிவில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த வருடம் ரேனியஸ் சி.எம்.எஸ்.ஸை விட்டுப் பிரிந்தார். அவரோடு போன சபைகளும் இருந்தன. 1838-ல் அவர் இறந்தபின் பெரும்பாலோர் திரும்பினார்கள்.

பதிவேடுகள்: பாதி வேலை இங்கேதான்

கோயில் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டியவை: ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சபை ஜாபிதா (உறுப்பினர் பட்டியல்), ஓலைப் புத்தகம் (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்புகள்), சபை மன்றக் கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, ஆராதனைப் பதிவு. எல்லாம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் கறையான் அல்ல, சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி). கிராமச் சபைக்குத் தனிப் பதிவேடு வருமுன் பதிவுகள் தாய்ச்சபைப் புத்தகத்தில் விழுந்திருக்கும். சேகரம் பிரிந்தபோது பழைய புத்தகம் பழைய தலைமையிடத்திலேயே நின்றுவிடும். அங்கே குருவானவரின் எழுத்து மூல அனுமதியோடு போய், "ஊர்" கட்டத்தில் உங்கள் ஊர்ப்பெயரை மட்டும் தேடுங்கள்.

கல்யாணப் பதிவேட்டுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி அது வைக்கப்பட்டது. அதனால் தேதி, வயது, தகப்பன் பெயர், தொழில், குடியிருப்பு, ஓலை வாசித்தா லைசென்ஸிலா, சாட்சிகள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், நகல் பதிவுத்துறைக்கும் போயிருக்கும். வயதுக் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். சட்டத்துக்குத் தேவையான வயதைப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஞானஸ்நானத் தேதியோடு ஒப்பிட்டால் சில நேரம் இரண்டு மூன்று வருடம் இடிக்கும்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் படம், பிறகுதான் வாசிப்பு. ஜன்னலோரம் மேசை, ஃபிளாஷ் கூடாது, கைபேசி ஸ்டாண்டில் நேர்மேலே நிற்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் புத்தகப் பெயரும் பக்க எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டு தெரிய வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பக்கம் கிழிந்ததா எடுக்க விட்டதா என்று சொல்ல முடியாது. ஒருவர் புரட்ட ஒருவர் எடுத்தால் 200 பக்கம் ஒரு அரை நாள் வேலை. அன்றைக்கே மூன்று இடத்தில் பிரதி வைத்துவிடுங்கள். கையுறை தேவையில்லை, கழுவித் துடைத்த கை போதும். கையுறை போட்டால்தான் நொறுங்கும் ஓரம் தெரியாமல் கிழியும். செல்லோ டேப், லேமினேஷன், இஸ்திரிப்பெட்டி மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது. டேப் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் இழுத்துக்கொண்டு உரியும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்காதீர்கள், சுருண்டு ஒட்டிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத்தாள் செருகி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஒட்டிய தாளை நகத்தால் பிரிக்கவே வேண்டாம். ஒரே நாளில் பல புத்தகம் நனைந்து, ஆள் போதாவிட்டால் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

பெயர்த்து எழுதும்போது கணினி அட்டவணையில் பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள். ஒன்றில் புத்தகத்தில் உள்ளபடி, எழுத்துப்பிழையோடு. மற்றதில் இன்றைய எழுத்தில். வாசிக்க முடியாத எழுத்துக்கு கேள்விக்குறி. ஊகித்துத் திருத்திவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

எண்ணும் ஆண்டும்

பழைய பதிவில் தமிழ் எண் வரும்போதுதான் இளையவர்கள் கையை விரிப்பார்கள். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்ற எழுத்துகளின் சாயலில்தான் ஒன்று முதல் ஒன்பது வரை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. ஒரு மாதிரி வரி:

௲௮௱௪௰௨௵ மார்ச்சு௴ ௨௰௩௳

ஆயிரம், எட்டு நூறு, நாலு பத்து, இரண்டு: 1842 மார்ச்சு 23. இதையே புதுமுறையில் ௧௮௪௨ என்று எழுதியவர்களும் உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். தடுக்கி விழும் இடம் இரண்டு: நாலும் ஆறும் (௪, ௬), ஒன்றும் ஒன்பதும் (௧, ௯). சுழியும் வாலும் மங்கிவிட்டால் 1844, 1846 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் அந்த ஒரு வரியையே முறைக்காமல் முன்பதிவையும் பின்பதிவையும் பாருங்கள். வரிசை எண் பொய் சொல்லாது.

ஆண்டு கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருந்தால், ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்டுங்கள். கிரயப் பத்திரங்களிலும் வரி ரசீதுகளிலும் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) வரும்: ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591. விகாரி, தாது போன்ற அறுபது ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 வருடத்துக்கு ஒரு தடவை திரும்பும். 1839, 1899, 1959 எல்லாம் விகாரி தொடங்கிய வருடங்கள்தான். எது என்று காகிதமும், கையெழுத்துப் போட்ட ஐயர் பெயரும் சொல்லும்.

எழுத்திலும் பழகிக்கொள்ள வேண்டியது உண்டு. ஓலையிலும் சில பழைய கையெழுத்திலும் புள்ளி இருக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, ணை, லை வடிவங்கள் வேறு. தாத்தா பாட்டி வேதாகமத்தில் இரண்டு அதிகாரம் வாசித்தால் கண் பழகிவிடும்.

குடும்பங்களைக் கோக்கும்போது கட்டாயமாக ஒரு விதி வையுங்கள்: பெயர் மட்டும் ஒத்தால் சேர்க்கக்கூடாது. பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் ஒத்து, வயதும் இரண்டு வருட வித்தியாசத்துக்குள் வர வேண்டும். ஒரே தலைமுறையில் நாலு வேதமாணிக்கம், ஆறு ஞானமுத்து இருப்பார்கள். பெரியவர்களின் ஞானஸ்நானத்தில் முன்பெயரும் புதுப்பெயரும் எழுதியிருப்பார்கள். அந்த முன்பெயர்தான் ஊரின் பழைய காகிதங்களுக்குச் சாவி. குடியிருப்புக் கட்டத்தில் கொழும்பு, கண்டி என்று வந்தால் தள்ளிவிடாதீர்கள். காப்பித் தோட்டம் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய சுவர்கள் நம் பக்கத்தில் உண்டு. வரவு செலவுக் கணக்கில் அதைத் தேடுங்கள்.

கல்லும் நிலமும்

ஆலயக் கல்வெட்டில் இருப்பது பெரும்பாலும் மூலம் அல்ல, பெயிண்டர் கடைசியாக எழுதியது. ஒவ்வொரு பண்டிகைக்கும் வெள்ளையடித்து, பள்ளத்துக்குள் கறுப்புப் பூசும்போது 3 எட்டாகும், 6 எட்டாகும், கொம்பு உதிரும். காலை ஏழு மணிச் சாய்வெயிலிலோ, இரவில் பக்கவாட்டில் டார்ச் அடித்தோ படம் எடுத்தால் வெட்டின் நிழல் தெரியும், பூச்சின் பொய்யும் தெரியும். கத்தியால் சுரண்டுவது, ஆசிட், எண்ணெய், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். அடக்கப் பதிவேடு தொலைந்த சபைக்கு அதுதான் பதிவேடு. வரிசை, எண் போட்டு ஒரு கைவரைபடம் வரைந்துகொண்டு பிறகு படம் எடுங்கள்.

நிலத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேடும் புலப்படமும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கமும். இங்கே மாட்டிக்கொள்வது ஊர்ப்பெயரில். சமாதானபுரம், ஆனந்தபுரம் என்று சபை வைத்த பெயர் வருவாய்க் கணக்கில் இருக்காது. எந்த வருவாய்க் கிராமத்தின் குக்கிராமம் என்று கண்டுபிடித்து அந்தப் பெயரில் கேட்க வேண்டும். கணினியில் வராத ஆண்டுகளுக்குக் கைத்தேடலுக்கு மனுப்போடுங்கள். உரிமையாளர் பெயரில் மிஷனெரி, மிஷன் டிரஸ்ட், தர்ம சங்கம், பிறகு டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலச் சொத்து டிரஸ்ட்) அல்லது தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் என்று அடுக்கடுக்காக மாறியிருக்கும். மாவட்டமும் மாறும்: 1986 வரை தூத்துக்குடிப் பக்கமும் திருநெல்வேலி மாவட்டம்தான். குமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தது, ஆகவே அங்கே மலையாளம் வாசிக்க ஆள் தேவைப்படும். நிலத்தில் வழக்கு ஓடுகிறதென்றால் சர்வே எண்ணை மலரில் போடாதீர்கள், வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

எண்பது வயதைத் தாண்டியவர்களை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள், பதிவேடு காத்திருக்கும். "சபை வரலாறு சொல்லுங்க பெரியம்மா" என்றால் மலரில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். படத்தையோ பொருளையோ கையில் கொடுத்துக் கேளுங்கள். மணி எங்கே தொங்கியது, பாயில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு என்ன ஏலம் போனது, அசனத்துக்கு (பொதுவிருந்துக்கு) எத்தனை மூட்டை அரிசி, கறி எடுத்தது யார் பொறுப்பு. ஆண்டு கேட்டால் குழம்புவார்கள், நிகழ்ச்சியைக் கேட்டால் சொல்வார்கள்: 1964 புயலுக்கு முந்தியா, இந்தி எதிர்ப்புக்கு முந்தியா, 92 வெள்ளத்துக்குப் பிந்தியா. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்துக் கொடுத்தால் பதிவு கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களின் வேலை ஆண்கள் சொன்ன வரலாற்றில் வராது. வேதாகம ஸ்திரீகள், பெண்கள் சங்கத்தின் பிடியரிசி, போர்டிங் பள்ளி, இடையன்குடியில் எலைசா கால்டுவெல் தொடங்கிய ரேந்தை (லேஸ்) பின்னல் மாதிரி கைத்தொழில்கள். இவற்றுக்குச் சங்கக் கணக்கு நோட்டுதான் ஆதாரம், அது யாராவது ஒரு செயலாளரம்மா வீட்டுப் பெட்டியில் கிடக்கும்.

சாதியையும் பிளவையும் என்ன செய்வது என்று குழுவில் கட்டாயம் சண்டை வரும். எழுதத்தான் வேண்டும் என்பது எங்கள் கருத்து. 1857-ல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை என்பவர் தனிச்சபை கண்டதை விட்டுவிட்டு அந்த வட்டாரத்தின் வரலாற்றை யாராலும் புரியவைக்க முடியாது. உங்கள் ஊரில் 1970-ல் கோயில் இரண்டானதும் அப்படித்தான். தேதி, தீர்மானத்தின் வாசகம், இரு தரப்பும் சொன்ன காரணம் இவற்றோடு நிறுத்துங்கள். உயிரோடு இருப்பவர்மேல் குற்றம் சுமத்தாதீர்கள். பதிவேட்டில் இருக்கும் ஒழுங்கு நடவடிக்கை, தகப்பன் பெயர் இல்லாத பிறப்பு, தத்து இவை நூறு வருடத்துக்கு உட்பட்டவையென்றால் அச்சுக்குப் போகக்கூடாது.

அச்சுக்கு

பக்க எண்ணிக்கை 16-ன் மடங்காக இருக்கட்டும்: 96, 112, 128. குருவானவர் பட்டியலில் பொறுப்பேற்ற மாதமும் விட்ட மாதமும் போடுங்கள். ஆண்டு மட்டும் போட்டால் ஒரே வருடத்தில் மூன்று பேர் வந்து குழப்பும். ஆராதனைப் பதிவின் கையெழுத்தோடு ஒத்துப் பாருங்கள், பலகையில் எழுதியதை நம்ப வேண்டாம். உபதேசியார் பட்டியலும் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில். ஒவ்வொரு தேதிக்கும் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று அடைப்புக்குள் குறித்தால் அடுத்த மலர்க்குழு உங்களைத் திட்டாது. மெய்ப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் உரக்க எண்களை மட்டும் வாசிக்க, மற்றவர் மூலத்தில் விரல் வைத்துப் பார்ப்பது.

ஒரு பிரதி திருமண்டல அலுவலகத்துக்கு, ஒன்று தாய்ச்சபைக்கு, ஒன்று கன்னிமாரா நூலகத்துக்கு, ஒன்று பெங்களூர் காப்பகத்துக்கு. படங்களும் அட்டவணையும் உள்ள பென்டிரைவைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாமல், வருடா வருடம் ஆலயக் கணக்குத் தணிக்கையன்றே திறந்து பார்த்துப் புதுப்பிரதி எடுக்க ஒருவரை நியமியுங்கள். மலர் வெளியான முதல் மாதத்தில்தான் திருத்தங்கள் குவியும்: "எங்க தாத்தா பேரு விட்டுப்போச்சு", "அந்தப் படத்துல இருக்கது அவரில்ல". அதற்கென்று நூறு பக்க நோட்டு ஒன்றை ஆலய வாசலில் கயிறு கட்டி, பேனாவோடு வைத்துவிடுங்கள்.